மாவனெல்லையில் மாண்ட கான்ஸ்டபிள்

உத்துவன்கந்தைச் சரதியேலின் கதையைக் கேளாதவர் இலங்கையில் குறைவு. இருப்பவனிடம் பறித்து இல்லாதவனுக்குக் கொடுத்தவன், வெள்ளைக்காரனுக்கு அடங்காதவன் என்று நாட்டார் வழக்கு அவனைப் போற்றிவைத்திருக்கிறது. இங்கிலாந்தின் ரொபின் ஹூட் மாதிரி என்பார்கள். அவன் ஒளிந்திருந்த குன்றின் பக்கத்தில் அவன் பெயரில் ஒரு காட்சிக் கிராமமே இருக்கிறது. சுற்றுலா போய்வந்த மாணவர்களிடம், அவனைப் பிடிக்கப்போய் உயிரைவிட்ட பொலிஸ்காரர் யார் என்று கேட்டேன். வகுப்பு மௌனமாயிருந்தது.

அவர் துவான் சபான், மலாய் இனத்தவர். 'துவான்' என்பது மலாயிலே 'ஐயா' போன்றதொரு மரியாதைச் சொல். கொழும்புக் கொம்பனித்தெருவில் அந்தச் சொல்லைத் தாங்கிய பெயர்கள் இன்றும் உண்டு.

அக்காலத்தில் கண்டிக்கு இரயில் இல்லை. மலைநாட்டுக் கோப்பி கொழும்புக்கு இறங்குவதும், அரிசி மலைக்கு ஏறுவதும் மாட்டுவண்டியில். தென்னிந்தியாவிலிருந்து வந்த நம் தோட்டத் தொழிலாளருக்கு நடைதான். மாவனெல்லை அந்தக் கண்டி வீதியிலே இருந்தது. வழிப்பறிக்கு வாய்ப்பான இடம். வண்டிக்காரனும் வியாபாரியும் சரதியேலைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்பதை எந்த நாட்டார் பாட்டுக்காரனும் விசாரிக்கவில்லை!

1864 மார்ச் 21 அன்று பொலிஸார் மாவனெல்லையில் சரதியேலைப் பிடிக்கச் சென்றனர். கூட்டாளி மம்மலே மரைக்கார் சுட்ட குண்டு சபானின் உயிரைக் குடித்தது. சுட்டவரும் மாண்டவரும் ஒரே மார்க்கத்தினர் என்பது கதை சொல்வோர் கவனிக்காத செய்தி. சரதியேலும் மரைக்காரும் அகப்பட்டு, மே 7 அன்று கண்டியில் தூக்கிலிடப்பட்டனர்.

பொலிஸ்காரருக்காக இரங்கி எழுதுவது கொழும்புத் தமிழனுக்கு இலேசான காரியமல்ல. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் நள்ளிரவில் கதவு தட்டப்பட்ட ஆண்டுகளை நாம் மறக்கவில்லை. 2007 யூன் மாதத்தில் லொட்ஜுகளிலிருந்த தமிழரைப் பஸ்களில் ஏற்றி அனுப்பியதையும் மறக்கவில்லை. சரதியேலை மறைத்துவைத்த கிராமத்தவருக்கும் காக்கிச்சட்டை அந்நிய ஆட்சியின் கையாகத்தான் தெரிந்திருக்கும். அதனாலேயே அவர்களை நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால் சபான் ஆட்சியாளர் அல்லர். சம்பளத்துக்கு வேலைசெய்த கடைநிலைக் கான்ஸ்டபிள். சட்டமிட்டவன் மீதான கோபத்தை அவர் கணக்கில் எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

இலங்கையில் கடமையின்போது கொல்லப்பட்ட முதற் பொலிஸ்காரர் என்று அவரைக் கொள்வர். ஆண்டுதோறும் மார்ச் 21 பொலிஸ் வீரர் தினம். 1866இல் பொலிஸ் தலைமையை ஏற்ற கம்பெல் துரைக்குப் பொரளையில் ஒரு பூங்காவே உண்டு. சபானுக்கு வாய்த்தது இந்த ஒரு நாள்; அதுவும் அவர் இறந்த நாள்.

அதே 1864 டிசம்பரில் முதல் இரயில் கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸைக்கு ஓடிற்று. 1867இல் கண்டியை எட்டியபோது அது றம்புக்கணை வழியே மலையேறியது. கோப்பி மூட்டைகள் மாவனெல்லையை விட்டு அந்தப் பக்கம் திரும்பின.