பென் டிரைவும் இரு கணினிகளும்



கம்பத்திலிருந்து மலையேறிக் குமுளியை அடைந்தால் ஆட்சிமொழி மாறுகின்றது. பள்ளிக் கணினியின் இயங்குதளமும் மாறுகின்றது. 1956ஆம் ஆண்டு மாநிலச் சீரமைப்பில் தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றன. அம்மாநிலத்தில் 2001இல் தோன்றிய ‘ஐ.டி. அட் ஸ்கூல்’ திட்டம், காலப்போக்கில் பள்ளிகளுக்கு லினக்சைத் தந்தது. தமிழகத்தில் 2011 செப்டம்பர் 15 முதல் வழங்கப்பட்ட மடிக்கணினிகளில் விண்டோசும் லினக்சும் இருந்தன. ஆயினும் எங்கள் பள்ளியில் வழங்கியது விண்டோசே.

பென் டிரைவ் என்பது ஒரு களஞ்சியம். எந்த மூட்டை எங்கே உள்ளதென்று குறிக்கும் கணக்கேடும் அதனுள் உண்டு. அவ்வேட்டை எழுதும் முறை இயங்குதளத்திற்கு ஏற்ப வேறுபடும். 1996இல் வந்த ‘ஃபேட் 32’ முறையை எல்லாக் கணினிகளும் அறியும். எனினும் 4 ஜிகாபைட் அளவை எட்டும் கோப்பை அது ஏற்பதில்லை. லினக்சுக்கே உரிய ‘எக்ஸ்ட் 4’ முறையை விண்டோசு தானாகப் படிப்பதில்லை.

இதனை அறியாமல் யான் செய்த பிழை ஒன்றுண்டு. பீர்மேட்டுப் பகுதியில் தமிழ் கற்பித்த நண்பர் ஒருவர், தேயிலைத் தோட்ட முதியோர் தம் முன்னோர் கணவாய் ஏறி வந்த கதையைக் கூறக் கேட்டுப் பதிவு செய்து, 2014இல் என்னிடம் தந்தார். என் கணினியில் செருகினேன். “பயன்படுத்துமுன் வடிவமைக்க வேண்டும், செய்யலாமா?” என்னும் பொருள்பட அது வினவியது. பழுதுபட்ட பேழை என்றெண்ணி இசைந்தேன். தேர்வுத்தாள்களையும் அதிலேயே ஏற்றினேன். வேறு படி இல்லை. பேசிய முதியவருள் இருவர் அதற்குள் மறைந்திருந்தனர். நண்பர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. அதுவே பெரிதும் வருத்தியது.

இன்று வழி எளிது. மைக்ரோசாஃப்ட் 2006இல் வெளியிட்ட ‘எக்ஸ்ஃபேட்’ முறையின் விவரங்களை அந்நிறுவனம் 2019இல் யாவரும் அறியத் தந்தது. அவ்வாண்டு நவம்பரிலேயே லினக்சு அதனை ஏற்றது. ஆகவே, இரு புறமும் செல்லும் பென் டிரைவை அம்முறையில் முதலிலேயே, வெறுமையாக இருக்கும்போதே அமைத்துக்கொள்க. பிடுங்குமுன் முறைப்படி விடுவிக்க. படி ஒன்று வேறிடத்தில் வைக்க. வடிவமைக்கலாமா என்று கணினி கேட்டால் மறுத்துவிட்டு, கொடுத்தவரைக் கேட்க.

அறியாத எழுத்தில் உள்ள ஓலையை வெற்றோலை என்று அடுப்பிலிடுவார் உண்டோ? யான் இட்டேன். நீங்கள் இடாதிருக்கவே இதனைக் கூறினேன்.