வட்டகொடைக்கு வந்த சேதி

இலங்கை மலையகத்தில் தலவாக்கலையைத் தாண்டி ஏறும் ரயில் அடுத்து நிற்கும் இடம் வட்டகொடை. 1885இல் நானுஓயா வரை பாதை திறந்தபின் தேயிலைப் பெட்டிகள் கொழும்புக்கு இறங்கின, தபால் மூட்டைகள் மலைக்கு ஏறின. தோட்டத் தொழிலாளிக்கு வந்த கடிதம் நேரே லயத்துக் காம்பராவுக்கு (வரிசைவீட்டு அறைக்கு) போய்விடாது. முகவரியில் வீட்டு இலக்கம் கிடையாது. பெயர், டிவிஷன், தோட்டம், தபால் கந்தோர், அவ்வளவுதான். தோட்டத்து ஆபீஸ் வழியாகத்தான் கைக்குக் கிடைக்கும். பிந்திக் கிடைத்த கடிதங்கள் உண்டு, கிடைக்காமலே போனவையும் உண்டு.

1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் இந்திய வம்சாவளியினரில் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று முடிவுசெய்தது. அண்ணன் தலைமன்னாரில் கப்பலேறி நீலகிரிக்குப் போக, தம்பி லயத்திலேயே தங்கிய குடும்பங்கள் எத்தனையோ. அவர்களுக்குள் மிஞ்சிய உறவு கடிதத்தில்தான் ஓடியது.

இலங்கைக்கு செல்பேசி 1989லேயே வந்துவிட்டது, தெற்காசியாவில் முதலாவதாக. மலைக்கு அது வந்து சேர வெகுகாலம் பிடித்தது. வந்தபோதும் தமிழுக்கு வேறொரு தடை காத்திருந்தது. குறுஞ்செய்தி ஒன்றின் கொள்ளளவு 140 பைட். ஆங்கிலத்தில் அது 160 எழுத்து; தமிழில் வெறும் 70 குறி. அந்த 70உம் முழு எழுத்துக்கணக்கு அல்ல. ‘வட்டகொடை’ என்பதில் நம் கண்ணுக்குத் தெரிவது ஐந்தெழுத்து. புள்ளிக்கு ஒரு குறி, ‘கொ’வின் கொம்புக்கும் காலுக்கும் சேர்த்து ஒன்று, ‘டை’யின் ஐகாரத்துக்கு ஒன்று என்று போனுக்குள் அது எட்டாகிவிடும். இத்தனை சிக்கனமாக எழுதி அனுப்பினாலும், தமிழ் எழுத்துரு இல்லாத போனில் வரிசையாகக் கட்டங்களே விழுந்தன.

ஆகவே இளைஞர்கள் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டினார்கள். தமிழ் மட்டுமே வாசிக்கத் தெரிந்த அம்மாவுக்கு அந்தச் சேதியைப் பிள்ளைகள்தான் வாசித்துக் காட்ட வேண்டியிருந்தது. மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய ‘செல்லினம்’ 2005 பொங்கலன்று சிங்கப்பூரில் வெளிவந்து கைப்பேசியில் தமிழுக்கு வழி திறந்தது. ஐபோனில் தமிழ் விசைப்பலகை சேர்ந்தது 2013இல்.

அதே 2013 ஆகஸ்டில் வாட்ஸ்அப்பில் குரல் பதிவு வந்தது. மலையகத்துக்கு அதைவிடப் பெரிய மாற்றம் வேறெதுவும் இல்லை என்றே சொல்லலாம். எழுத்துருவும் வேண்டாம், எழுத்தறிவும் வேண்டாம். மைக் அடையாளத்தை விரலால் அழுத்திப் பிடித்து, “தம்பி, சாப்பிட்டியாப்பா? இங்க ஒரே மழை” என்று பேசி விரலை எடுத்தால் போதும். கொழும்புக் கடையில் நிற்கும் மகனிடம் சாம்சுங் இருந்தாலும், கட்டாரிலுள்ள மகளிடம் ஐபோன் இருந்தாலும் அம்மாவின் குரல் அம்மாவின் குரலாகவே போய்ச் சேர்ந்தது.

ஆனால் அந்த வழி அடைபடவும் கூடியது. 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தில் முஸ்லிம்கள்மீது வன்முறை மூண்டபோது அரசாங்கம் ஃபேஸ்புக், வாட்ஸ்அப், வைபர் மூன்றையும் சுமார் ஒரு வாரம் முடக்கியது. சேதி சொல்ல நேரடி அழைப்பையும் பழைய குறுஞ்செய்தியையும் நாடவேண்டியதாயிற்று.

ஐபோனுக்கும் ஆண்ட்ராய்டுக்கும் இடையே படமும் குறிப்பும் சீராகச் செல்ல உதவும் ஆர்சிஎஸ் முறையை ஆப்பிள் 2024 செப்டெம்பரில் ஏற்றது. நல்ல காரியம்தான். இருந்தும் கொழுந்து மலைக்குப் பட்டன் போனோடு போகிறவருக்கு அதனால் பயனில்லை, குறுஞ்செய்திதான் எட்டும். அடைமழை நாளில் மண்சரிவு எச்சரிக்கை முதலில் போய்ச்சேர வேண்டியது அந்தப் போனுக்கு. அது தமிழில் வர வேண்டும், கட்டமாக விழாமல் வர வேண்டும்.