போர்க்கால விதிகளும் பஞ்சப்படியும்: திருப்பூர் – கோவை நெசவு வட்டாரத்தில் காலனியப் பாதுகாப்புச் சட்டங்களின் எச்சம்

ஆய்வுச்சுருக்கம்

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இந்தியப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்ப் பிறந்த விதிகளும் அவசரச் சட்டங்களும் படைச்சேவையை மட்டும் நெறிப்படுத்தவில்லை. நூலின் விலையையும் தொழிலாளியின் வேலைநிறுத்த உரிமையையும் காயத்துக்கான இழப்பீட்டையும் வரையறுத்தன. அவற்றுள் சில விடுதலைக்குப் பின் நிலையான தொழிலாளர் சட்டங்களாயின. கோவைப் பஞ்சாலைகள் அவற்றின் பயனைப் பெற, அருகிலிருந்த திருப்பூர்ப் பனியன் பட்டறைகள் ஏன் பெறவில்லை என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: இந்தியப் பாதுகாப்பு விதிகள், விதி 81-ஏ, பஞ்சப்படி, நூல் கட்டுப்பாடு, பனியன் தொழில், தொழிலாளர் ஈட்டுறுதி

படைச்சேவை: கட்டாயத்துக்கு உரியவர் யார்?

காலனிய இந்தியாவின் படைச்சேவைச் சட்டங்களைத் தொடர்ந்து படிப்பவர் முதலில் காண்பது இனப் பாகுபாட்டையே. 1917ஆம் ஆண்டின் இந்தியத் தற்காப்புப் படைச் சட்டம் 16 முதல் 50 வயது வரையிலான ஐரோப்பியப் பிரித்தானியக் குடிகளுக்குச் சேவையைக் கட்டாயமாக்கியது. இந்தியர்க்கு அது விருப்பச் சேவை. 1920இல் இப்பிரிவு இரு தனிச் சட்டங்களாக உறுதிப்பட்டது. துணைப்படைச் சட்டம் ஐரோப்பியர்க்கும் ஆங்கிலோ-இந்தியர்க்கும் உரியது. பிரதேசப் படைச் சட்டம் இந்தியர்க்கு உரியது. நீலகிரித் தோட்டத் துரைமாரைக் கொண்ட நீலகிரி மலபார்ப் பட்டாலியன் முதல் வகையைச் சார்ந்தது. அன்றைய கோவை மாவட்டத்தில் பல்லடம் வட்டத்துக்குள் அடங்கியிருந்த திருப்பூரின் நெசவாளிக்கோ பஞ்சு அரவை ஆலைக் கூலிக்கோ இச்சட்டங்களோடு நேர்த்தொடர்பு ஏதும் இல்லை.

1940இல் இந்நிலை வேறொரு வழியில் மாறியது. ஐரோப்பியர்க்குப் படைச்சேவையைக் கட்டாயமாக்கிய சட்டம் வந்த அதே ஆண்டு ஜூன் மாதம், தொழில்நுட்பப் பணியாளர்க்கான தேசியச் சேவை அவசரச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. இந்தியன் படைவீரனாகக் கட்டாயப்படுத்தப்படவில்லை. பிட்டராகவும் டர்னராகவும் கட்டாயப்படுத்தப்பட்டான். தேசியச் சேவைத் தொழிலாளர் தீர்ப்பாயம் கோரினால், திறன்மிக்க தொழிலாளியை அவன் முதலாளி போர்த்தளவாடத் தொழிற்சாலைக்கு அனுப்பியாக வேண்டும். அங்கிருந்து தீர்ப்பாயத்தின் இசைவின்றி அவன் விலகவும் முடியாது. முதலாளி அவனை விலக்கவும் முடியாது. பணி முடிந்தபின் பழைய வேலைக்குத் திரும்பும் உரிமையும் அச்சட்டத்தில் இருந்தது. தொழிலாளியைக் கட்டிப்போடும் விதியும் அவன் வேலையைக் காக்கும் விதியும் ஒரே சட்டத்துள் பிணைந்திருந்த இவ்வமைப்பு, பின்வந்த போர்க்காலச் சட்டங்கள் பலவற்றிலும் காணப்படுகிறது. 1941ஆம் ஆண்டின் இன்றியமையாப் பணிகள் அவசரச் சட்டம் வேலையைவிட்டு அகல்வதைக் குற்றமாக்கியது. அதே மூச்சில் கூலியையும் பணிநிலைமையையும் நெறிப்படுத்தும் அதிகாரத்தை அரசுக்குத் தந்தது.

இவ்வட்டாரத்தில் போர் கண்ணுக்குத் தெரிந்த இடம் சூலூர். அங்கு அமைந்த இராணுவ விமானத்தளம் 1942 ஆகஸ்டு 26 அன்று ‘வெள்ளையனே வெளியேறு’ போராட்டக்காரர்களால் தீக்கிரையாக்கப்பட்டது. இத்தகைய செயல்களுக்காக ஓர் ஊர் முழுவதையும் தண்டிக்க, அதே ஆகஸ்டில் கூட்டு அபராத அவசரச் சட்டம் கொணரப்பட்டது. வட்டார வரலாற்று நூல்கள் சூலூர் நிகழ்வை விரிவாகவே பேசுகின்றன. ஆயின் போர்ச்சட்டம் அன்றாடம் தொட்ட இடம் விமானத்தளம் அன்று, நூல்கட்டே ஆகும்.

நூல்மீது வைத்த கட்டு

1930களின் தொடக்கத்தில் பைக்காரா நீர்மின்சாரம் வந்தபின் கோவையிலும் திருப்பூரிலும் பஞ்சாலைகள் பெருகின. அவற்றுள் பெரும்பாலானவை நூற்பாலைகள். துணி நெய்து விற்பவை அல்ல. அவற்றின் நூலை வாங்கியோர் கைத்தறி நெசவாளரும், 1920களிலிருந்து திருப்பூரில் முளைத்துவந்த பனியன் பட்டறைகளும் ஆவர். ஆகவே நூலின் விலை இவ்வட்டாரத்தில் இரு தொழிலாளர் கூட்டத்தின் வாழ்வைத் தீர்மானித்தது: நூற்பவர் ஒருபுறம், அந்நூலை வாங்கித் துணியாக்குபவர் மறுபுறம்.

1939 செப்டம்பர் 3 அன்று அவசரச் சட்டமாகப் பிறந்து அம்மாத இறுதியில் சட்டமான இந்தியப் பாதுகாப்புச் சட்டம், தன் விதிகளுள் 81ஆவதன் வழியே எப்பண்டத்தின் உற்பத்தி, வழங்கல், விலை ஆகியவற்றையும் கட்டுப்படுத்தும் அதிகாரத்தை அரசுக்கு அளித்தது. தொடக்க ஆண்டுகளில் துணித்துறையில் இவ்வதிகாரம் பெரிதாகப் பயன்படுத்தப்படவில்லை. படைக்கான துணிக் கொள்முதல் மிகுந்தது. ஜப்பான் போரில் இறங்கியதும் அந்நாட்டுத் துணியும் நூலும் நின்றன. 1943 நடுவில் பருத்தித் துணியின் விலை போருக்கு முந்திய நிலையைப்போல் ஏறத்தாழ ஐந்து மடங்காயிற்று. அதன்பின்னரே, 1943 ஜூன் 17 அன்று, பருத்தித் துணி மற்றும் நூல் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. உச்சவிலையை வகுப்பதில் அரசுக்கு ஆலோசனை கூற அமைந்த ஜவுளிக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குத் தலைவர் பம்பாய் ஆலையதிபர் கிருஷ்ணராஜ் தாக்கர்சி. விலையை ஏற்றியவர்களின் துணையோடுதான் விலைக்கு வரம்பு கட்டப்பட்டது என்பதைக் குறிப்பிடாமல் இவ்வாணையை நுகர்வோர் நலச் சட்டமாக மட்டும் வாசிப்பது பொருந்தாது.

கைத்தறியின் நிலையை அரசு அறியாமல் இல்லை. பி.ஜே. தாமஸ் தலைமையிலான கைத்தறி மற்றும் ஆலைகள் உண்மையறியும் குழு 1942இலேயே தன் அறிக்கையை அளித்தது. நெசவாளர் நூலுக்கு வணிகரை நம்பியிருப்பதே அவர்தம் வறுமைக்கு முதன்மைக் காரணங்களுள் ஒன்று என்பது அவ்வறிக்கையைப் படிப்போர்க்கு ஐயமின்றி விளங்கும். கட்டுப்பாட்டு ஆணை இவ்வுறவை உடைக்கவில்லை. உரிமம் பெற்ற வணிகர் வழியே நூல் பங்கிடப்பட்டமையால், ஏற்கெனவே நூல்கடை வைத்திருந்தவரின் கை சட்டத்தின் துணையோடு மேலும் ஓங்கியது. ஆலைவாயில் விலை ஒன்றாகவும் தறிமேட்டு விலை வேறாகவும் இருந்தன. 1935இல் தொடங்கப்பட்ட சென்னை மாகாணக் கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கம், அதாவது பிற்காலக் கோ-ஆப்டெக்ஸ், இப்பங்கீட்டில் ஒரு மாற்றுவழியாக வளர வாய்ப்புப் பெற்றது. ஆயின் சங்கத்தில் சேராத நெசவாளிக்கும், கூட்டுறவு என்னும் அமைப்பே இல்லாத பனியன் பட்டறைக்கும் அவ்வழி திறக்கவில்லை.

விதி 81-ஏ

வேலைநிறுத்தத்தைத் தடுப்பதற்காக 1942 ஜனவரியில் சேர்க்கப்பட்ட விதி 81-ஏ இக்கட்டுரையின் மையம். அரசு ஒரு வேலைநிறுத்தத்தையோ கதவடைப்பையோ தடைசெய்யலாம். தகராற்றைச் சமரசத்துக்கோ தீர்ப்புக்கோ அனுப்பலாம். தீர்ப்பு வரும்வரை குறிப்பிட்ட பணிநிலைமைகளைக் காக்குமாறு முதலாளிக்குக் கட்டளையிடலாம். தீர்ப்பை இருதரப்பார் மீதும் சட்டப்படி செயற்படுத்தலாம். இதன்கீழ் வந்த ஆணை, 14 நாள் முன்னறிவிப்பின்றி வேலைநிறுத்தம் செய்வதைக் குற்றமாக்கியது.

இதன் புதுமையை உணர, ஐந்தாண்டு பின்னோக்கிச் செல்லவேண்டும். 1937–38இல் கோவை ஆலைகளில் எழுந்த வேலைநிறுத்தங்களின்போது, வி.வி. கிரி தொழிலாளர் அமைச்சராயிருந்த காங்கிரஸ் அமைச்சரவை 1929ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டப்படி ஒரு விசாரணை மன்றத்தை அமைத்தது. அம்மன்றம் ஆராயலாம், பரிந்துரைக்கலாம், கட்டளையிட இயலாது. மக்கள் தேர்ந்தெடுத்த அமைச்சரவைக்கு இல்லாத அதிகாரம், அது பதவி விலகியபின், போரை முன்னிட்டு அதிகாரவர்க்கத்துக்குக் கிட்டியது. இவ்வதிகாரம் தொழிலாளர்க்கு எதிராகவே பயன்பட்டது என்பது எளிய முடிவு. அது முழு உண்மை அன்று. போர் நடக்கையில் உற்பத்தி நிற்கக்கூடாது என்பதே அரசின் ஒரே கவலை; அதற்காக முதலாளியிடமிருந்து கூலி உயர்வை வலிந்து பெறவும் அது தயங்கவில்லை. போரை மக்கள் யுத்தமாகக் கருதிய பொதுவுடைமைக் கட்சி வேலைநிறுத்தத்தைத் தவிர்த்த அந்நாள்களில், தீர்ப்பாயமே தொழிற்சங்கத்தின் களமாயிற்று.

அக்களத்தில் வளர்ந்ததே பஞ்சப்படி. முதல் உலகப் போரின்போது பம்பாய் ஆலைகள் வழங்கிய போர் போனசில் இதன் முன்வடிவம் உண்டு. 1940இல் பி.என். ராவ் தலைமையிலான விசாரணை மன்றம் ரயில்வேத் தொழிலாளரின் படிக் கோரிக்கையை ஆராய்ந்தபின், விலைவாசிப் புள்ளியோடு கூலியை இணைக்கும் கருத்து வலுப்பெற்றது. அரசு ஆவணம் அதனை அகவிலைப்படி என்றது. ஆலைத் தொழிலாளி பஞ்சப்படி என்றே வழங்கினார், இன்றும் வழங்குகிறார். 1943இன் உணவுத் தட்டுப்பாட்டை நினைவில் கொண்டால் அச்சொல்லின் பொருத்தம் விளங்கும்.

தீர்ப்பாயம் தொடாத இடமும் ஆலைக்குள் இருந்தது. கூலி கணக்கிடப்பட்டது; மேற்பார்வையாளரின் அதிகாரம் கணக்கிடப்படவில்லை. சின்னியம்பாளையம் ரங்கவிலாஸ் ஆலை நிகழ்வு இதற்குச் சான்று. பெண் தொழிலாளி மீதான வன்முறையில் தொடங்கிய மோதல் ஒரு கொலை வழக்காகி, ராமையன், ரங்கண்ணன், வெங்கடாசலம், சின்னையன் ஆகிய நான்கு தொழிலாளர் 1946 ஜனவரி 8 அன்று கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்டனர். எந்தத் தொழில் தகராறு விதியும் அவ்வழக்கில் குறுக்கே வரவில்லை.

இந்தியப் பாதுகாப்புச் சட்டம் 1946 செப்டம்பர் 30 அன்று காலாவதியாயிற்று. ஆனால் விதி 81-ஏ ஓர் அவசரச் சட்டத்தால் மேலும் ஆறு மாதம் உயிர்பெற்று, 1947 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்த தொழில் தகராறுகள் சட்டத்துள் கலந்தது. அச்சட்ட முன்வடிவின் நோக்க விளக்கமே இவ்விதியைப் பெயர்சொல்லிக் குறிப்பிடுகிறது. 1947இல் எம். வெங்கடராமையா சென்னை மாகாணப் பஞ்சாலைகளுக்கு வழங்கிய தீர்ப்பு, அடிப்படைக் கூலியை 26 ரூபாயாக நிறுவிப் பஞ்சப்படியைச் சென்னை நகர வாழ்க்கைச் செலவுப் புள்ளியோடு பிணைத்தது. கோவை ஆலைத் தொழிலாளியின் ஊதியச் சீட்டு அன்றுமுதல் புதிய வடிவம் பெற்றது.

காயமும் காப்பீடும்

போர்க்கால நலச் சட்டங்களிலும் ஒரு வரிசைமுறை உண்டு. முதலில் காக்கப்பட்டது சரக்கு: 1940இல் சரக்குகளுக்கான போர் இடர்க் காப்பீடு. குண்டுவீச்சில் காயமுறும் குடிமக்களுக்கான அரசு உதவியை 1941ஆம் ஆண்டின் போர்க் காயங்கள் அவசரச் சட்டம் ஏற்படுத்தியது. 1942இல் தொழிற்சாலைக் கட்டடமும் எந்திரமும் காப்பீட்டுக்குள் வந்தன. தொழிலாளிக்கான இழப்பீட்டை முதலாளியின் கடமையாக்கிக் காப்பீட்டையும் கட்டாயமாக்கிய போர்க் காயங்கள் (இழப்பீட்டுக் காப்பீடு) சட்டம் 1943இல்தான் வந்தது. கிட்டங்கியிலிருந்த பஞ்சுப்பொதிக்கும் அதைச் சுமந்தவனுக்கும் இடையே மூன்றாண்டு இடைவெளி. சீனப் போரையொட்டி 1962இலும் 1963இலும் விடுதலை இந்தியா இயற்றிய தனிநபர்க் காயச் சட்டங்கள் இவ்வச்சிலேயே வார்க்கப்பட்டவை.

கோவை மீது குண்டு விழவில்லை. ஆகவே இச்சட்டத்தின் பயன் இங்கே தாளளவில் நின்றது. எனினும் தொழிலாளர் காப்பீடு நடைமுறைக்கு ஒவ்வாதது என்னும் பழைய வாதத்தை அது வலுவிழக்கச் செய்தது. 1942இல் வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையை அம்பேத்கர் ஏற்றபின், தொழிலாளர் உடல்நலக் காப்பீடு குறித்து ஆராய பி.பி. அடார்க்கர் 1943 மார்ச்சில் அமர்த்தப்பட்டார். துணி, பொறியியல், கனிமம் மற்றும் உலோகம் ஆகிய துறைகளை எடுத்துக்கொண்ட அவர் 1944இல் அறிக்கை தந்தார். அதன் வழிவந்த 1948ஆம் ஆண்டின் தொழிலாளர் அரசு ஈட்டுறுதிச் சட்டம் தமிழகத்தில் முதலில் நடைமுறைக்கு வந்த ஊர் சென்னை அன்று, கோவை. நாள் 1955 ஜனவரி 23.

வரையறைக்கு வெளியே

கோவையின் கிழக்கே ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர் தொலைவில் இருந்த பனியன் பட்டறைக்கு இவற்றுள் எது சென்று சேர்ந்தது? விதி 81இன் கட்டுப்பாடு பண்டத்தைப் பொருளாகக் கொண்டது. பட்டறையில் நால்வர் இருப்பினும் நாற்பதின்மர் இருப்பினும் அங்கே புகும் நூல் கட்டுப்பாட்டுக்குட்பட்ட நூலே. நலச் சட்டங்களோ தொழிற்சாலை என்னும் வரையறையைப் பற்றி நின்றன. 1934ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தின்படி மின்விசையோடு 20 பேர் வேலைசெய்தால்தான் அது தொழிற்சாலை. குறைந்த எண்ணிக்கைக்கு அதை விரிப்பது மாகாண அரசின் விருப்பம். ஈட்டுறுதிச் சட்டமும் தொடக்கத்தில் அதே 20ஐ ஏற்றது. 1948ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் முதல் அட்டவணையிலும் பனியன் தொழில் இடம்பெறவில்லை.

ஒரு பட்டறை இருபதைத் தாண்டாமல் இருப்பதற்கு இவ்வரையறையே ஒரு தூண்டுதலாயிற்று. பின்னல் ஓரிடம், சலவை ஓரிடம், வெட்டும் தையலும் வேறிடம் எனப் பிரிந்து நிற்கும் திருப்பூரின் தொழிலமைப்பை உறவுமுறை, வேளாண் முதலீடு, உழைப்புப் பண்பாடு ஆகியவற்றால் ஆய்வாளர் விளக்கியுள்ளனர். அவ்விளக்கங்கள் ஏற்கத்தக்கனவே. ஆயினும் சட்ட வரையறையை அவற்றோடு சேர்த்தெண்ணாமல் இவ்வமைப்பின் நீடிப்பைப் புரிந்துகொள்ள முடியாது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. பாதுகாப்பு விதிகளின் பொருட்கட்டுப்பாட்டுப் பகுதி 1946இன் இன்றியமையாப் பண்டங்கள் (தற்காலிக அதிகாரங்கள்) சட்டமாகவும் பின்னர் 1955இன் இன்றியமையாப் பண்டங்கள் சட்டமாகவும் தொடர்ந்தது. தொழிலாளர் பகுதி 1947இன் தொழில் தகராறுகள் சட்டமாயிற்று. பின்னதைப் பயன்படுத்த வலுவான சங்கமும் அரசு அனுப்பும் தகராறும் வேண்டும். சிதறிய பட்டறைகளில் முன்னது உடனே கிடைக்கவில்லை, அதனால் பின்னதும் எளிதில் கிட்டவில்லை.

விலைவாசிப் புள்ளியோடு இணைந்த பஞ்சப்படி கோவை ஆலைகளில் வேரூன்றி ஒரு தலைமுறைக்கும் மேலான பின்னர், அதே படியைக் கேட்டு 1984இல் திருப்பூர்ப் பனியன் தொழிலாளர் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தனர்.