துப்பாக்கி சுடலைன்னா முதல்ல என்ன கேக்கணும்?

என் அறைத்தோழன் சனி, ஞாயிறு ஆனா ஏர்சாஃப்ட் ஆடக் கிளம்பிடுவான். பேட்டரியில ஓடுற, பிளாஸ்டிக் குண்டு துப்புற பொம்மைத் துப்பாக்கி. அவனோடது எம்-16 மாடல். போன மாசம் திடீர்னு சுட மாட்டேன்னுடுச்சு. அங்க இருந்த பழைய ஆட்டக்காரர் ஒருத்தர் கழட்டிக்கூடப் பாக்காம கேட்ட முதல் கேள்வி: "கடைசியா எதை மாத்தின?" பேட்டரியை மாத்தியிருந்தான். 7.4 வோல்ட்டுக்குப் பதிலா 11.1. ட்ரிகருக்குள்ள இருக்குற காண்டாக்ட் கருகிப் போயிருந்தது.

பொம்மை நின்னா ஒரு ஆட்டம் போச்சு, அவ்வளவுதான். அதே கேள்வியை நிஜ எம்-16 விஷயத்துல நேரத்துக்குக் கேக்காததால உயிர் போனவங்க கதைதான் இந்தப் பதிவு.

எம்-16-க்கு மூலம் ஏஆர்-15. 1950-களின் கடைசியில ஆர்மலைட் நிறுவனத்துல யூஜீன் ஸ்டோனரும் அவர் குழுவும் வடிவமைச்சது. எடை குறைவு, தோட்டாவும் சின்னது. 1962-ல தென் வியட்நாம் வீரர்கள் கையில குடுத்துச் சோதிச்சப்ப நல்ல பேர்தான் வாங்குச்சு. அப்புறம் 1966-67-ல அமெரிக்கச் சிப்பாய்கள் கையில, சண்டைக்கு நடுவுல அடைச்சுக்கிட்டது ஏன்?

முக்கியமான காரணம், வெடிமருந்தை மாத்திட்டாங்க. ஸ்டோனரோட துப்பாக்கி உருவானது டூபாண்ட் கம்பெனியோட ஐஎம்ஆர் மருந்தை வச்சு. 1964-ல ராணுவம் ஆலின் கம்பெனியோட உருண்டை மருந்துக்கு மாறுச்சு. நிமிஷத்துக்கு 850-ஐத் தாண்டக் கூடாதுன்னு இருந்த வேகம் 1000 பக்கம் போச்சு. கசடும் அதிகம். இந்தத் துப்பாக்கியில, சுடும்போது வர்ற வாயு ஒரு குழாய் வழியா உள்ள வந்துதான் போல்ட்டைத் தள்ளும். அப்ப கசடும் உள்ளதானே படியும்?

அது போதாதுன்னு, தோட்டா உக்கார்ற அறைக்குக் குரோமியம் பூச்சு கிடையாது. வியட்நாம் ஈரத்துல அது அரிச்சுப் போயி, சுட்ட தோட்டாவோட வெத்துக்கூடு உள்ளயே ஒட்டிக்கிச்சு. குழல் வழியா கம்பியை விட்டுக் குத்தித் தள்ளினாத்தான் வெளிய வரும். அந்தக் கம்பியும், சுத்தம் பண்ற சாமானும் போதுமான அளவுக்கு அனுப்பலை. 'இதுக்கு சுத்தமே அவ்வளவா தேவையில்லை'ன்னு ஒரு பேச்சு வேற!

புகார் வந்தப்ப மேலிடம் சொன்ன பதில்? சிப்பாய் ஒழுங்கா துடைக்கலை.

இதுல கொடுமை என்னன்னா, புது மருந்தைப் போட்டா துப்பாக்கி வேகச் சோதனையில தேறாதுன்னு தயாரிச்ச கோல்ட் கம்பெனி சொல்லியிருந்தது. சரி, நீங்க பழைய மருந்தை வச்சே சோதிச்சுக்கோங்கன்னு அனுமதி குடுத்தாங்க. ஃபேக்டரியில ஒரு மருந்து, போர்க்களத்துல வேற மருந்து. சோதனைன்னா இப்படித்தான் இருக்கணும்!

1967 மே மாசம், கே சான் பக்கத்துல 881-ம் குன்றுச் சண்டையில இருந்த ஒரு மரீன் வீட்டுக்கு எழுதின கடிதத்தை, ஜேம்ஸ் ஹோவர்டுங்கற உறுப்பினர் நாடாளுமன்றத்துல படிச்சார். செத்துக் கிடந்தவங்க பக்கத்துல, சரி பண்றதுக்காகப் பிரிச்ச துப்பாக்கி கிடந்துதாம். ரிச்சர்ட் இக்கார்ட் தலைமையிலான குழு விசாரிச்சு அதே வருஷம் அக்டோபர்ல அறிக்கை குடுத்தது. உருண்டை மருந்துதான் பெரிய காரணம், தெரிஞ்சும் சரி பண்ணாம விட்டது ஏறக்குறைய குற்றத்துக்குச் சமம்ங்கற அளவுக்குப் போச்சு அந்த அறிக்கை.

1967-லேர்ந்து அறைக்குக் குரோமியம் பூசினாங்க, சுத்தம் பண்ற சாமான் போச்சு. துப்பாக்கியை எப்படிப் பராமரிக்கணும்னு புகழ்பெற்ற வில் ஐஸ்னரை வச்சு 1968-ல ஒரு காமிக்ஸ் புத்தகமே போட்டாங்க.

துடைக்கணும்ங்கறது பொய் இல்லை. துடைச்சுத்தான் ஆகணும். ஆனா மருந்தை மாத்தி உத்தரவு போட்டது குன்றுமேல நின்ன சிப்பாய் இல்லையே. எந்தப் பொருள் ரிப்பேர் ஆனாலும் 'நீ சரியா வச்சுக்கலை'ங்கற பதில் மேல இருக்குறவங்களுக்கு ரொம்ப வசதி. 'கடைசியா எதை மாத்தினோம்?'னு கேட்டா, விரல் அவங்க பக்கமே திரும்பிடும்.