ஸ்டான்ஸ் நகரத்து ஆசிரியர்

பள்ளிப் பிள்ளைகள் தம் சினத்தை அடக்கவும், பிறர் துயரை உணரவும், கூடி வாழவும் பழக வேண்டும். கணக்கும் எழுத்தும் போல அதுவும் ஒரு பாடமே என்று இன்று பல நாடுகளில் பேசுகிறார்கள். ‘சமூக உணர்வுக் கல்வி’ என்னும் பொருள்படும் பெயரொன்றும் 1990-களில் பரவலாயிற்று. பெயர் புதிது. ஆனால் அப்பணியில் இறங்கிப் பார்த்த ஓர் ஆசிரியரின் அனுபவம் இருநூறு ஆண்டுகளுக்கு முந்தியது. அதைத்தான் உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

1798 செப்டம்பர் 9-ஆம் நாள் பிரெஞ்சுப் படை சுவிட்சர்லாந்தின் நிட்வால்டன் பகுதிக்குள் புகுந்தது. புதிய அரசியலமைப்பை ஏற்க மறுத்த அப்பகுதி மக்கள் எதிர்த்து நின்றனர். சில நூறு பேர் மாண்டனர், வீடுகள் எரிந்தன. ஆதரவற்றுப்போன குழந்தைகளுக்காக, ஸ்டான்ஸ் நகரத்துக் கன்னியர் மடத்தில் அரசு ஒரு விடுதி அமைத்தது. அதன் பொறுப்பை ஏற்றவர் ஜூரிக் நகரில் பிறந்த யோஹான் ஹைன்ரிஷ் பெஸ்டலாட்ஸி. 1799 ஜனவரியில் விடுதி திறந்தபோது அவருக்கு வயது 53.

துணைக்கு ஒரு பணிப்பெண் மட்டுமே. கட்டட வேலையும் முடிந்தபாடில்லை. ஏறத்தாழ எண்பது பிள்ளைகள் வந்து சேர்ந்தனர். சொறி சிரங்கு பிடித்தவர்கள், பிச்சையெடுத்துப் பழகியவர்கள், அச்சத்தால் வாய் திறவாதவர்கள் என்று பலவகையினர். ஊராரோ கத்தோலிக்கர், இவர் புராட்டஸ்டண்டு. அதிலும், தம்மை ஒடுக்கிய அரசு அனுப்பிய ஆள்! நல்ல உடுப்புக் கிடைத்ததும் பிள்ளையைத் திரும்ப அழைத்துச் சென்ற பெற்றோரும் உண்டு.

இந்தப் பிள்ளைகளிடம் அவர் நல்லொழுக்கம் பற்றிச் சொற்பொழிவு செய்யவில்லை. அவர்களோடு உண்டார், அவர்கள் நடுவே உறங்கினார், இரவில் கடைசியாகப் படுத்துக் காலையில் முதலில் எழுந்தார். குழந்தை முதலில் அன்பை உணர வேண்டும், பின்பு அன்பான செயலில் பழக வேண்டும், அதைப் பற்றிய பேச்சு இறுதியில் வர வேண்டும் என்பது அவர் கண்ட வரிசை. நாமோ பெரும்பாலும் பேச்சிலேயே தொடங்கிப் பேச்சிலேயே முடித்துவிடுகிறோம்.

அவ்வாண்டு ஏப்ரலில் ஆல்ட்டோர்ஃப் என்னும் நகரம் தீக்கிரையாயிற்று. வீடிழந்த குழந்தைகளில் இருபது பேரை இங்கே ஏற்கலாமா என்று தம் பிள்ளைகளைக் கூட்டிக் கேட்டார். அனைவரும் மகிழ்ந்து இசைந்தனர். அவர் அத்தோடு விடவில்லை. பணம் போதாது, உணவு குறையும், வேலை கூடும், உடுப்பையும் பங்கிட நேரும், நன்கு எண்ணிச் சொல்லுங்கள் என்றார். பிள்ளைகள் மனம் மாறவில்லை. அவர்களது இரக்கத்தைவிட, அதன் விலையை மறைக்காமல் முன்கூட்டிச் சொன்ன ஆசிரியரின் நேர்மையே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

அவர் அடித்ததும் உண்டு. முரட்டுத்தனம் கண்டபோது அறைந்ததை அவரே எழுதியிருக்கிறார். இரவும் பகலும் உடனிருக்கும் தந்தையின் அடியாகப் பிள்ளைகள் அதை ஏற்றனர் என்பது அவர் வாதம். எனக்கு அது உடன்பாடன்று. அடித்தவர் கூறும் சான்று அது. அடி வாங்கியவர் கூறியதன்று.

ஜூன் மாதம் போர் மீண்டும் நெருங்கியது. மடம் படைவீரர் மருத்துவமனைக்குத் தேவைப்பட்டது. ஐந்து மாதங்கூட நிறையுமுன் விடுதி மூடப்பட்டது. பிள்ளைகளில் பெரும்பாலோர் அனுப்பப்பட்டனர். உடல் நலிந்து குர்னிகல் மலைக்குச் சென்ற பெஸ்டலாட்ஸி, நடந்தவற்றையெல்லாம் நண்பர் ஒருவருக்குக் கடிதமாக எழுதினார். அது 1807-இல்தான் அச்சேறியது. ஆனால் அதற்காக அவர் காத்திருக்கவில்லை. 1799-ஆம் ஆண்டு முடியுமுன்பே பூர்க்டோர்ஃப் நகரில் சிறு குழந்தைகளின் வகுப்பொன்றில் மறுபடியும் ஆசிரியராக நின்றார்.