எக்ஸ்-மென்னுக்குச் சட்டை தைத்தவர்

சூப்பர்ஹீரோ காமிக்ஸில் சட்டை என்பது சாதாரண விஷயமில்லை நண்பர்களே. மட்டமான பேப்பரில், கட்டை விரல் அளவு முகத்தை அச்சடித்தால் யார் யாரென்று எப்படித் தெரியும்? சட்டையை வைத்துத்தான். முகமூடியைக் கழற்றிவிட்டால் பாதி ஹீரோக்கள் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருப்பார்கள். வணிகவியல் படிக்கிறவன் கண்ணுக்கு அது சட்டையாகத் தெரியாது, டிரேட்மார்க்காகத்தான் தெரியும். பொம்மை, பனியன், சினிமா என்று எல்லாப் பணமும் அந்தச் சட்டை வழியாகத்தான் வருகிறது.

அப்படியானால் அதை வரைந்தவருக்கு என்ன கிடைத்தது? இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியது. ஆள், டேவ் காக்ரம். குழு, எக்ஸ்-மென்.

முதலில் கொஞ்சம் பழைய கதை. 1961இல் ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் ஃபென்டாஸ்டிக் ஃபோரை ஆரம்பித்தபோது முதல் இரண்டு இதழ்களில் அவர்களுக்குச் சீருடையே கிடையாது. மூன்றாவது இதழில்தான் நீலச் சட்டை வந்தது. 1963இல் அதே இருவர் எக்ஸ்-மென்னை உருவாக்கினார்கள். கதைப்படி அது ஒரு பள்ளிக்கூடம், அதனால் ஐந்து மாணவர்களுக்கும் ஒரே சீருடை: கறுப்பு, மஞ்சள். அந்தக் கறுப்பு பக்கத்துக்குப் பக்கம் நீலமாகத் தெரிந்ததற்கு அச்சகம்தான் காரணம். நான்கு மைகளைப் புள்ளிகளாகக் கலந்து சுமார் 64 நிறங்கள்தான் எடுக்க முடியும். வெறும் கறுப்பு அடித்தால் உடம்பின் வளைவு தெரியாது, எனவே நீலத்தில் மினுக்குக் கொடுப்பார்கள். பேட்மேனின் கறுப்பு அங்கி பல வருடம் நீலமாக இருந்ததும் இதனால்தான்.

பள்ளிச் சீருடை போட்ட ஹீரோக்கள் விற்கவில்லை. 1967இல் 39ஆவது இதழில் ஆளுக்கொரு தனிச் சட்டை கொடுத்துப் பார்த்தார்கள். அதுவும் எடுபடவில்லை. 1970இல் 66ஆவது இதழோடு புதுக்கதைகள் நின்று, அதற்குப்பின் ஐந்து வருடம் பழைய கதைகளையே மறுபடி அச்சடித்து ஓட்டினார்கள்.

இதே நேரத்தில் போட்டிக் கம்பெனியான டிசியில் காக்ரம் வேலை தேடி வந்தார். 1943இல் ஆரிகான் மாநிலத்தின் பெண்டில்டன் ஊரில் பிறந்தவர், அமெரிக்கக் கடற்படையில் இருந்தவர். மர்ஃபி ஆண்டர்சன் என்ற மூத்த ஓவியரிடம் உதவியாளராகச் சேர்ந்தார். 1972இல் அவர் கைக்கு வந்தது லீஜன் ஆஃப் சூப்பர்ஹீரோஸ். 1958இல் தொடங்கிய குழு, முப்பதாம் நூற்றாண்டில் நடக்கும் கதை. ஆனால் உடுப்பெல்லாம் ஐம்பதுகளின் மாறுவேடப் போட்டி போல இருக்கும். சூப்பர்பாய் இதழின் பின்பக்கங்களில் துணைக்கதையாக ஓடிக்கொண்டிருந்ததால் யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை. யாரும் கண்டுகொள்ளாத இடத்தில்தானே இளம் ஓவியருக்குச் சுதந்திரம் கிடைக்கும்! காக்ரம் ஒவ்வொருவராக எடுத்துச் சட்டையை மாற்றினார். உயர்ந்த காலர், நீளமான கோடுகள், பெல்பாட்டம். (ஆயிரம் வருடம் கழித்தும் பெல்பாட்டம் போடுவார்கள் என்று எழுபதுகளில் நம்பியிருக்கிறார்கள்!) வாசகர்களுக்குப் பிடித்துப்போனது. 1973இல் 197ஆவது இதழிலிருந்து லீஜன் பெயர் அட்டைக்கே வந்துவிட்டது.

சண்டை வந்தது 200ஆவது இதழில். அதில் பவுன்சிங் பாய்க்கும் டூயோ டாம்சலுக்கும் கல்யாணம். இரண்டு பக்கத்தை நிறைக்கும் ஒரே படத்தில் மொத்தக் கூட்டத்தையும் வரைந்தார் காக்ரம். அந்த மூலப் படத்தைத் தனக்குத் திருப்பித் தரும்படி கேட்டார். அந்தக் காலத்தில் ஓவியர் வரைந்த தாளே கம்பெனியின் சொத்து. பதிப்பாளர் கார்மைன் இன்ஃபான்டினோ முடியாது என்றார். காக்ரம் வேலையை விட்டுவிட்டார்.

இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். இன்ஃபான்டினோ வெளியாள் இல்லை, அவரே பெரிய ஓவியர். ஃப்ளாஷின் புகழ்பெற்ற சிவப்புச் சட்டையை 1956இல் வடிவமைத்தவர். மேசைக்கு அந்தப்பக்கம் போனதும் அவருக்கும் அந்தத் தாள் கம்பெனி சொத்தாகத்தான் தெரிந்திருக்கிறது. இதை நினைத்தால் எனக்குக் கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம்.

காக்ரம் மார்வலுக்குப் போகும்போது கூடவே தன் படநோட்டுகளையும் எடுத்துப்போனார். அங்கே ஒரு வியாபார யோசனை காத்திருந்தது. பல நாட்டு ஹீரோக்களைச் சேர்த்து ஒரு குழு போட்டால் அந்தந்த நாடுகளில் விற்கலாமே என்று மார்வலின் தலைவர் ஆல் லாண்டவ் சொன்னதாக, அப்போது ஆசிரியராக இருந்த ராய் தாமஸ் பின்னாளில் சொல்லியிருக்கிறார். கடைசியில் வந்த ஆட்களைப் பாருங்கள்: சோவியத் ரஷ்யாவிலிருந்து கொலோசஸ், கென்யாவிலிருந்து ஸ்டார்ம், ஒரு அபாச்சி இளைஞன். அமெரிக்க காமிக்ஸை சோவியத்தில் யாருக்கு விற்பது? மார்க்கெட்டிங் பாடத்தில் எழுதினால் மதிப்பெண் கிடைக்காது :-)

லென் வெய்ன் எழுத, காக்ரம் வரைய, 1975இல் ஜெயன்ட்-சைஸ் எக்ஸ்-மென் முதல் இதழ் வந்தது. விலை 50 சென்ட். அதிலிருந்த நைட்கிராலர், காக்ரம் கடற்படையில் இருந்தபோதே மனதில் உருவான ஆள். நீல உடம்பு, கூர்மையான காது, வால், மூன்றே விரல். லீஜன் தொடர்பான ஒரு குழுவுக்காக டிசியிடம் காட்டியபோது ஆசிரியர் வேண்டாம் என்று தள்ளிவிட்டார். ஸ்டார்ம் இரண்டு பழைய யோசனைகளின் ஒட்டு. பூனையாக மாறும் ஒரு பெண் பாத்திரத்தின் தோற்றத்தை எடுத்து, காற்றையும் மழையையும் ஆளும் வேறொரு பாத்திரத்தின் சக்தியைச் சேர்த்து, வெள்ளை முடியும் பெரிய அங்கியும் கொடுத்தார்.

வோல்வரின் கதை தனி. 1974இல் ஹல்க் இதழில் வந்த அவன் சட்டையை வடிவமைத்தவர் ஜான் ரொமிட்டா. முகமூடியில் பூனை மீசை போலச் சின்னக் கோடுகள் இருந்தன. ஜெயன்ட்-சைஸ் அட்டையை வரைந்த கில் கேன் முகமூடியின் இரு ஓரங்களையும் தவறுதலாகப் பெரிதாக, கூர்மையாக நீட்டிவிட்டார். அது நன்றாக இருப்பதாக காக்ரமுக்குப் பட்டது. உள்ளே வரைந்திருந்த பக்கங்களை அட்டைக்குத் தகுந்த மாதிரி மாற்றிக்கொண்டார்! இன்று குழந்தைகள் போடும் வோல்வரின் முகமூடியில் இருக்கும் அந்தக் கொம்புகள் ஒரு கைத்தவறில் பிறந்தவை. முகமூடி இல்லாத வோல்வரினை முதலில் காட்டியதும் காக்ரம்தான், 1976இல் 98ஆவது இதழில். முகமூடியின் வடிவத்திலேயே முடியை இரண்டு பக்கமும் நிமிர்த்திவிட்டார்.

அதே வருடம் 101ஆவது இதழில் ஜீன் கிரே ஃபீனிக்ஸ் ஆனாள். காக்ரம் விரும்பியது வெள்ளைச் சட்டை. ஆனால் பேப்பர் மெல்லிசு, வெள்ளை விட்டால் பின்பக்கத்து மை தெரியும் என்று தடுத்துவிட்டார்கள். அதனால் பச்சையும் தங்கமும். அழகியல் எவ்வளவு பேசினாலும் கடைசியில் தீர்ப்புச் சொல்வது பேப்பர் விலைதான் போலிருக்கிறது.

1977இல் விலகுவதற்கு முன் 107ஆவது இதழில் ஒரு குறும்பு செய்தார். விண்வெளிப் பேரரசின் காவற்படை என்று ஒரு பெரிய கூட்டத்தை வரைந்தார். கூர்ந்து பார்த்தால் அத்தனை பேரும் லீஜன் ஆட்களின் சாயல்! டிசியில் விட்டு வந்தவர்களை மார்வலிலேயே மறுபடி பெற்றுக்கொண்டார். அடுத்து வந்த ஜான் பைர்ன் காலத்தில் இதழ் உச்சிக்குப் போனது. 1981, 82இல் காக்ரம் திரும்பி வந்து மறுபடி சில காலம் வரைந்தார்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1991இல் ஜிம் லீ எல்லோருக்கும் மறுபடி புதுச் சட்டை போட்டார். ஐந்து விதமான அட்டைகளோடு வந்த அந்த முதல் இதழ் 80 லட்சம் பிரதிகளுக்கு மேல் போனது, இன்றுவரை கின்னஸ் சாதனை. அதில் நிறையப் பேர் விலை ஏறும் என்று வாங்கிப் பூட்டி வைத்தவர்கள். அந்தக் குமிழி உடைந்து 1996 டிசம்பரில் மார்வல் திவால் மனு கொடுத்தது. 2000இல் வந்த சினிமா மஞ்சள் சட்டையைக் கிண்டலடித்து எல்லோருக்கும் கறுப்புத் தோல் உடை மாட்டியது. நல்ல படம்தான், ஆனால் அந்த உடையில் யாரும் யாராகவும் தெரியவில்லை என்பது என் கருத்து. 2024இல் ஹியூ ஜாக்மேன் ஒருவழியாக மஞ்சளைப் போட்டபோது தியேட்டரில் கைதட்டல்.

காக்ரமுக்கு என்ன கிடைத்தது என்ற கேள்விக்கு வருகிறேன். பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி. அவ்வளவுதான். பாத்திரங்கள் கம்பெனியின் சொத்து. 2003இல் இரண்டாவது படத்தில் நைட்கிராலர் வெள்ளை மாளிகைக்குள் பாய்ந்து உலகத்தையே கலக்கினான். அடுத்த வருடம் அவனைப் படைத்தவர் நீரிழிவாலும் நிமோனியாவாலும் நியூயார்க்கில் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனையில் கிடந்தார். எழுத்தாளர் கிளிஃபர்ட் மெத் சக கலைஞர்களிடம் படங்கள் கேட்டுத் திரட்டினார். ஓவியர் நீல் ஆடம்ஸ் மார்வலோடு பேசினார். 2004இல் மார்வல் ஒரு தொகை கொடுக்க ஒப்புக்கொண்டது. எவ்வளவு என்று வெளியிடப்படவில்லை. கம்பெனி கணக்கில் அது எந்தத் தலைப்பில் போயிருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். சட்டப்படி கடன் இல்லை, ராயல்டியும் இல்லை. நன்கொடை என்று எழுதினால் அதைவிட அநியாயம் வேறில்லை.

2006 நவம்பர் 26 அன்று தெற்கு கரோலினாவில், தன் வீட்டில், பிடித்த நாற்காலியில் காக்ரம் இறந்தார். வயது 63. அப்போது சூப்பர்மேன் பைஜாமா போட்டு, பேட்மேன் போர்வை போர்த்தியிருந்தாராம். இரண்டுமே டிசி.