கேட்காத கேள்விக்கு ஒரு விடை: 296

2019 டிசம்பரில் மக்களவையில் ஓர் எண் சொல்லப்பட்டது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியா முழுவதிலும் ஆங்கிலோ இந்தியர்கள் 296 பேர். சொன்னவர் அன்றைய சட்ட அமைச்சர் ரவிசங்கர் பிரசாத். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்குமான தொகுதி ஒதுக்கீட்டை மேலும் பத்தாண்டுகள் நீட்டிக்கும் மசோதா அன்று விவாதத்தில் இருந்தது. ஆங்கிலோ இந்தியர்களுக்கான நியமன இடங்களை அந்த மசோதா நீட்டிக்கவில்லை. அது 104ஆவது திருத்தமாகி 2020 ஜனவரி 25இல் நடைமுறைக்கு வந்தது. மக்களவையில் இரண்டு பேரை நியமிக்க வழி செய்த 331ஆவது பிரிவும், சட்டமன்றத்தில் ஒருவரை நியமிக்க வழி செய்த 333ஆவது பிரிவும் அத்தோடு செயலிழந்தன. 235 பேர் கொண்டிருந்த தமிழகச் சட்டமன்றம் 2021 தேர்தலுக்குப் பிறகு 234 பேரோடு கூடியது.

நான் ஆதம்பாக்கத்தில் குடியிருக்கிறேன். ரயில் பாதைக்குக் கிழக்கே எங்கள் ஊர்; மேற்கே பரங்கிமலையும் கண்டோன்மென்ட்டும். ஆங்கிலப் பூசை முடிந்து ஞாயிற்றுக்கிழமை காலையில் வீடு திரும்பும் குடும்பங்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் இங்கே நிறைய. நாடு முழுவதற்கும் 296 என்றால், அதில் கணிசமான பகுதி எங்கள் தெருக்களிலேயே தீர்ந்துவிடும் போலிருந்தது. பெரம்பூரும் ராயபுரமும் பல்லாவரமும் மிச்சம் இருக்கின்றன. கொல்கத்தாவும் கொச்சியும் பெங்களூரும் மிச்சம் இருக்கின்றன. எர்ணாகுளம் உறுப்பினர் ஹைபி ஈடன் அன்றே அவையில் எழுந்து அந்த எண்ணை மறுத்தார். தன் தொகுதியிலேயே ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள் என்பது அவர் வாதம். மறுப்பு பதிவானது, மசோதா நிறைவேறியது. அந்த எண் எங்கிருந்து வந்தது என்று தேட ஆரம்பித்தேன்.

தேடலை எண்ணிலிருந்து தொடங்காமல் படிவத்திலிருந்து தொடங்கினேன். 2011 கணக்கெடுப்பின் குடும்ப அட்டவணையில் 29 கேள்விகள். ஏழாவது கேள்வி மதம்: இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர், சீக்கியர், பௌத்தர், சமணர் என ஆறுக்குக் குறியீட்டு எண், வேறு மதமென்றால் பெயரை எழுத வேண்டும். எட்டாவது, பட்டியல் சாதியா, பழங்குடியா. பத்தாவது, தாய்மொழி. 29 கேள்விகளையும் திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்தேன். "நீங்கள் ஆங்கிலோ இந்தியரா?" என்று எதுவும் கேட்கவில்லை. கேள்வியே இல்லாத படிவத்திலிருந்து கிடைக்கும் எதையும் தலைக்கணக்கு என்று சொல்ல முடியாது. யாரோ எங்கோ ஒரு கட்டத்தில் தாமாக எழுதியது என்று வேண்டுமானால் சொல்லலாம்.

அப்படியானால் கேள்வி எப்போது நின்றது? பழைய படிவங்களைப் பின்னோக்கிப் புரட்டினேன். 2001இல் இல்லை. 1991, 1981, 1971 எதிலும் இல்லை. 1961 தனிநபர்ச் சீட்டில் தேசிய இனம், மதம், பட்டியல் சாதி அல்லது பழங்குடி என்பதோடு சரி. 1951க்குப் போனதும் கிடைத்தது. சுதந்திர இந்தியாவின் முதல் கணக்கெடுப்பில் மதத்துக்குப் பக்கத்திலேயே 'சிறப்புப் பிரிவுகள்' என்று ஓர் உட்கேள்வி. ஆங்கிலோ இந்தியர்களை அதில் தனியாகக் குறித்தார்கள். ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் அப்படிப் பதிவானார்கள். அதற்கு முந்தைய 1941இல், போர்க்காலச் சுருக்கக் கணக்கெடுப்பிலும், சுமார் 1,40,000 பேர்.

1951இல் இருந்த கேள்வி 1961இல் ஏன் போனது? இதற்கான விடை அரசியல் சட்டத்தில் இருக்கிறது என்பது என் முடிவு. 336ஆவது பிரிவு ரயில்வே, சுங்கம், தபால் தந்தி ஆகிய துறைகளில் ஆங்கிலோ இந்தியர்களுக்கு இருந்த வேலை ஒதுக்கீட்டைப் பத்தாண்டுகளுக்கு மட்டும் காப்பாற்றியது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பத்து சதவீதம் குறைத்துக்கொண்டே வந்தது. 337ஆவது பிரிவு அவர்களுடைய பள்ளிகளுக்கான மானியத்தை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை பத்து சதவீதம் குறைத்தது. 1960 ஜனவரியோடு இரண்டும் முடிந்தன. அரசுக்கு எண்ணிக்கை தேவைப்பட்டவரை எண்ணியது. தேவை தீர்ந்ததும் கேள்வியை எடுத்துவிட்டது. நியமன உறுப்பினர் இடங்கள் மட்டும் பத்தாண்டுக்கு ஒருமுறை நீட்டிக்கப்பட்டு 2020 வரை ஓடின. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் எண்ணாமல் விட்ட சமூகத்தை, அந்தக் கடைசி இடத்தையும் எடுக்கும் நேரத்தில் எண்ணியதாகச் சொன்னார்கள்.

முந்தைய கணக்குகளை அப்படியே நம்பலாமா? அதுவும் முடியாது. பிரிட்டிஷ் காலச் சென்சஸ் அறிக்கைகள் திரும்பத் திரும்பச் சொல்லும் குறை ஒன்றுண்டு. கொஞ்சம் வெளுத்த நிறமுள்ள ஆங்கிலோ இந்தியர்கள் தங்களை ஐரோப்பியர் என்றும், சில இந்தியக் கிறிஸ்தவர்கள் தங்களை ஆங்கிலோ இந்தியர் என்றும் பதிந்துகொண்டார்கள். சம்பளமும் வேலையும் குடியிருப்பும் அந்த ஒரு வார்த்தையைப் பொறுத்தே அமைந்த காலம் அது. ஆகவே 1941இன் எண்ணும் துல்லியமல்ல. ஆனால் அன்று கேட்டார்கள், ஜனங்கள் பதில் சொன்னார்கள். 2011இல் கேட்கவே இல்லை.

மூலச் சீட்டுகளைப் பார்க்க வழியுண்டா என்று விசாரித்தேன். இல்லை. 1948 சென்சஸ் சட்டத்தின் 15ஆவது பிரிவு தனிநபர் பதிவுகளை யாருக்கும் காட்டக் கூடாது என்கிறது. நீதிமன்றத்தில் சாட்சியமாகக்கூட ஏற்கக் கூடாது. இங்கிலாந்தில் நூறாண்டு கழித்து வீட்டு வாரியான சீட்டுகளைத் திறந்துவிடுகிறார்கள். 1921க்கானவை 2022இல் வெளிவந்தன. நமக்கு அந்த வழக்கம் இல்லை. ஒரு தெருவில் அன்று யார் இருந்தார்கள் என்பதை நாம் வேறு காகிதங்களில்தான் தேட வேண்டும்.

அந்த வேறு காகிதங்கள் பல இடங்களில் சிதறிக் கிடக்கின்றன. 1774 முதல் மதராஸ் பீரங்கிப் படையின் தலைமையிடமாக இருந்த பரங்கிமலை கண்டோன்மென்ட் பாதுகாப்புத் துறையின் கீழ் வருகிறது. ரயில்வே குடியிருப்பும் ஊழியர் பதிவும் ரயில்வேயிடம். ஆதம்பாக்கமோ செங்கல்பட்டு மாவட்டம் சைதாப்பேட்டை தாலுகாவில் ஒரு கிராமமாக இருந்து, ஆலந்தூர் நகராட்சிக்குள் வந்து, 2011இல் சென்னை மாநகராட்சியின் 12ஆவது மண்டலத்தில் சேர்ந்த ஊர். ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் எல்லாம் தேவாலயப் பதிவேடுகளில். மதராஸ் மாகாணத்திலிருந்து லண்டனுக்கு அனுப்பிய அவற்றின் நகல்கள், 1698இல் தொடங்குபவை, பிரிட்டிஷ் நூலகத்தில் ஒரு தனி வரிசையாக உள்ளன. நடந்து போகிற தூரத்துக்குள் வாழ்ந்த ஒரே குடும்பம் இப்படிப் பல ஆவணக்காப்பகங்களில் பிரிந்து கிடக்கிறது.

ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் 1905இல் தொகுத்த மதராஸ் கல்லறைக் கல்வெட்டுப் பட்டியலில் பரங்கிமலைக்கும் பக்கங்கள் உண்டு. ஆனால் அவர் எடுத்தது சரித்திர முக்கியத்துவம் உள்ளவை என்று கருதியவற்றை மட்டும். தளபதிகளும் கர்னல்களும் கிடைக்கிறார்கள், ரயில் கார்டுகளும் நர்சுகளும் கிடைப்பதில்லை. மதராஸில் ஆண்டுதோறும் வந்த அசைலம் பிரஸ் பஞ்சாங்கமும் முகவரித் தொகுப்பும் இன்னொரு மூலம். அந்த அச்சகத்தின் வேர் 1789இல் ஆண்ட்ரூ பெல் பொறுப்பேற்ற எழும்பூர் ராணுவ ஆண் அனாதை இல்லத்தில் இருக்கிறது. அந்த இல்லத்துப் பிள்ளைகளில் பெரும்பாலோர் ஐரோப்பியச் சிப்பாய்களுக்கும் இந்தியத் தாய்மார்களுக்கும் பிறந்தவர்கள். யார் எங்கே குடியிருந்தார்கள் என்று மதராஸுக்குச் சொன்ன புத்தகம், வீடில்லாத அந்தப் பையன்களை வைத்துத் தொடங்கிய அச்சகத்திலிருந்து வந்தது. அதைக் கையில் எடுத்த நாளில் எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

எங்கள் ஊருக்கான நேரடித் தடயம் கிடைத்தது ஆவணக்காப்பகத்தில் அல்ல. ஆதம்பாக்கத்தில் பிளாட் வாங்க இருந்த நண்பர் ஒருவர், தாய்ப்பத்திரத்தைப் படித்துச் சொல்லும்படி என்னிடம் கொடுத்தார். 1960களில் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்த கிரயப் பத்திரம். ஓரம் பழுத்து, முத்திரைத்தாளின் மடிப்பில் கிழிந்து, பின்பக்கம் செல்லோடேப் ஒட்டியிருந்தது. வாங்கியவர் பெயருக்குப் பிறகு 'இந்து, வயது சுமார் 40' என்றிருந்தது. விற்றவர் பெயருக்குப் பிறகு 'ஆங்கிலோ இந்தியர், வயது சுமார் 58, ஓய்வுபெற்ற ரயில்வே கார்டு'. அவருடைய சகோதரிக்கும் அந்த மனையில் பங்கு. சகோதரி பெர்த் நகரிலிருந்து பவர் பத்திரம் அனுப்பியிருக்கிறார். நான்கெல்லையில் கிழக்கே ஏரிக்குப் போகும் வண்டிப்பாதை. சென்சஸ் கேட்பதை நிறுத்திய பிறகும் பத்திரம் எழுதுபவர் கேட்டு எழுதியிருக்கிறார்.

அந்த ஒரு பத்திரத்தில் ஊர் மாறிய விதம் முழுவதும் இருக்கிறது. 1931இல் கடற்கரை–தாம்பரம் மின்ரயில் வந்தபின் பரங்கிமலை ஸ்டேஷனைச் சுற்றிக் குடியேறிய ரயில்வேக் குடும்பங்கள். 1960இல் முடிந்த வேலை ஒதுக்கீடு. 1962இல் இங்கிலாந்து குடியேற்றச் சட்டத்தை இறுக்கியது. 1966இல் ஆஸ்திரேலியா தன் வெள்ளையர் கொள்கையைத் தளர்த்தி, 1973இல் கைவிட்டது. போனவர்கள் விற்ற மனைகளை அரசு ஊழியர்களும் தொலைபேசி, வங்கி ஊழியர்களும் வாங்கினார்கள். என்.ஜி.ஓ. காலனி, டெலிபோன் காலனி என்ற பெயர்களே அடுத்து வந்தவர்களைச் சொல்கின்றன. கருணீகர் தெரு அதற்கெல்லாம் முந்தைய கிராமத்தைச் சொல்கிறது. நண்பர் வாங்க இருந்த அடுக்குமாடியில் இப்போது ஆந்திரக் குடும்பமும் திருநெல்வேலிக் குடும்பமும் பாலக்காட்டுத் தம்பதியும் இருக்கிறார்கள். சுவர் பூசிக்கொண்டிருந்த பையன்கள் பீகாரிலிருந்து வந்தவர்கள்.

ஆக, ஆங்கிலோ இந்தியர் எண்ணிக்கை குறைந்தது உண்மை. அதை மறுப்பது நேர்மையாகாது. ஆனால் எல்லோரும் போய்விடவில்லை. 2025 இறுதியில் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்காகப் பழைய பட்டியல்கள் இணையத்தில் வந்தபோது எங்கள் பகுதிப் பக்கங்களைப் பெயர் பெயராகப் பார்த்தேன். பெயரை வைத்து எண்ண முடியாது என்பதை அங்கே கற்றேன். போர்த்துகீசியக் குடும்பப் பெயர் கொண்டவர் தூத்துக்குடிப் பரதவராக இருக்கலாம், மங்களூர்க் கத்தோலிக்கராக இருக்கலாம். ஆங்கிலோ இந்தியத் தாயின் மகன் தமிழ்த் தந்தையின் பெயரோடு அடுத்த வரியில் இருப்பார்.

அந்த மகன் சட்டப்படி ஆங்கிலோ இந்தியர் அல்ல. 366(2) பிரிவின் இலக்கணம் ஆண்வழியை மட்டுமே பார்க்கிறது: தந்தை அல்லது தந்தைவழி மூதாதை ஐரோப்பிய வம்சாவளியாக இருக்க வேண்டும். ஒரே வீட்டில் அண்ணன் பிள்ளைகள் ஆங்கிலோ இந்தியர். தங்கை தமிழரை மணந்தால் அவள் பிள்ளைகள் இல்லை. 1935 இந்திய அரசுச் சட்டத்திலிருந்து வந்த இந்த இலக்கணம் அநியாயமானது என்றே நினைக்கிறேன்.

எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கும், எண்பதைத் தாண்டிய ஓர் ஆன்ட்டியிடம் கேட்டேன். "ஆன்ட்டி, 2011ல கணக்கெடுக்க வந்தாங்களே, உங்ககிட்ட என்ன கேட்டாங்க?"

"மதம் கேட்டாங்கப்பா, கிறிஸ்டியன்னேன். எஸ்சியா எஸ்டியான்னு கேட்டாங்க, ரெண்டும் இல்லன்னேன். மதர் டங் இங்கிலீஷ்னேன். எழுதிக்கிட்டுப் போயிட்டாங்க. வேற என்ன கேக்கணும்?"

தாய்மொழி என்று ஆன்ட்டி சொன்னதும் அந்த அட்டவணையைத் தேடி எடுத்தேன். இந்தியாவில் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பதிந்தவர்கள் 1991இல் 1,78,598 பேர். 2001இல் 2,26,449. அமைச்சர் மேற்கோள் காட்டிய அதே 2011 கணக்கெடுப்பில் 2,59,678. இவர்கள் எல்லோரும் ஆங்கிலோ இந்தியர்கள் அல்ல. வேறு வேறு சமூகத்தவர்கள் இதில் இருக்கிறார்கள். ஆனாலும் ஆன்ட்டி இந்த இரண்டரை லட்சத்துக்குள் ஒருவராக இருக்கிறார். அந்த 296க்குள் இல்லை. ஒரே கணக்கெடுப்பின் இரண்டு அட்டவணைகளை அருகருகே வைத்துப் பார்க்க யாருக்கும் தோன்றியிருந்தால் அந்த எண்ணை அவையில் சொல்லியிருக்க மாட்டார்கள்.

பள்ளிகளிலும் இதே கதைதான். ஆங்கிலோ இந்தியப் பள்ளிகளுக்கென்று தமிழகத்தில் தனிப் பாடத்திட்டம் இருந்தது. 2010 சமச்சீர் கல்விச் சட்டம் மாநில வாரியம், மெட்ரிகுலேஷன், ஓரியண்டல் ஆகியவற்றோடு அதையும் ஒன்றாக்கியது. சமச்சீர் கல்வியை நான் ஆதரிக்கிறேன். பிள்ளைகளை நான்காகப் பிரித்து வைத்தது தவறு. ஆனால் அந்தப் பள்ளிகளின் பழைய சேர்க்கைப் பதிவேடுகள் ஒரு சமூகத்தின் இருப்பைச் சொல்லும் கடைசிக் காகிதங்களில் ஒன்று. அவற்றைப் பத்திரப்படுத்த வேண்டும் என்று எந்த விதியும் பேசவில்லை. கேரளத்தில் லத்தீன் கத்தோலிக்கரோடு ஆங்கிலோ இந்தியருக்கும் அரசு வேலையில் நான்கு சதவீத ஒதுக்கீடு உண்டு. அதற்காகவே சான்றிதழும் பதிவும் அங்கே தொடர்கின்றன.

நியமன உறுப்பினர் இடத்தைத் திரும்பக் கொடுக்க வேண்டும் என்று நான் வாதிடவில்லை. ஆளும் கட்சி தேர்ந்தெடுத்து ஆளுநர் நியமிக்கும் ஒருவர் ஒரு சமூகத்தின் பிரதிநிதி ஆவாரா என்பது நியாயமான சந்தேகம். அதைச் சொல்லி எடுத்திருந்தால் விவாதிக்கலாம். யாரிடமும் கேட்காத கேள்வியின் விடையைக் காட்டி எடுத்தது தவறு.

அடுத்த கணக்கெடுப்பின் குறிப்பு நாள் 2027 மார்ச் 1. சுதந்திரத்துக்குப் பின் முதல்முறையாக எல்லோரிடமும் சாதி கேட்கப் போகிறார்கள். அந்தக் கேள்விக்கு முன் ஆதம்பாக்கத்து ஆன்ட்டி என்ன சொல்வார், கணக்கெடுப்பாளர் எந்தக் குறியீட்டில் எழுதுவார் என்பதை இப்போதே தீர்மானிக்க வேண்டும். பதிவாளர் ஜெனரல் அலுவலகத்துக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான்: 1951இல் இருந்தது போல ஆங்கிலோ இந்தியருக்குத் தனிக் குறியீடு கொடுங்கள்; தாய்வழியில் வந்தவர்களும் விரும்பினால் அதில் தங்களைப் பதிய விடுங்கள். ஆலந்தூர், பரங்கிமலை, பெரம்பூர் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: பரணில் பழைய கிரயப் பத்திரமோ, பாஸ்போர்ட்டோ, ரயில்வே சர்வீஸ் புத்தகமோ, பள்ளிச் சான்றிதழோ இருந்தால் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். ஸ்கேன் செய்து ஒரு பிரதியையாவது எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக்காப்பகத்திலோ அருகிலுள்ள கல்லூரியின் வரலாற்றுத் துறையிலோ கொண்டுபோய்க் கேட்டுப் பாருங்கள்.